ஹிஸ், ஹெர்: ஒரு குமாஸ்தாவின் வாக்குமூலம்

ஐப்பசி மழை விட்டு மூன்று நாளாகிறது. ஆனாலும் சிறுமலையில் மதியம் இரண்டு மணிக்கே மேகம் இறங்கி வாசற்படி வரை வந்துவிடுகிறது. மாப்பிள்ளை மிளகுக் கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார். கரண்டும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் டெஸ்டாம்.

நோட்டில் ஓர் அட்டவணை. நான்கு பத்தி, ஏழு வரிசை. ஐ, மீ, மை, மைன். யூ, யூ, யுவர், யுவர்ஸ். ஹி, ஹிம், ஹிஸ், ஹிஸ். ஷி, ஹெர், ஹெர், ஹெர்ஸ். அப்புறம் இட், வி, தே. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தலையை ஆட்டி ஆட்டி ஒப்பித்தாள். "வி, அஸ், அவர்" என்று சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தாத்தா, இங்கிலீஷ்ல அவர்னா நம்மளோடதாம்!"

சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாத்துக்கும் நாலு சொல் இருக்கு. யூவுக்கு முதல் ரெண்டும் ஒண்ணா இருக்கு. ஹெர்ருக்கு நடு ரெண்டும் ஒண்ணு. ஹிஸ்ஸுக்குக் கடைசி ரெண்டும் ஒண்ணு. ஏன் தாத்தா? அச்சடிச்சவங்க தப்பா போட்டுட்டாங்களா?"

நல்ல கேள்வி. அவள் வயதில் நானும் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்தவன்தான். எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் பிற்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு நான் செய்த கெடுதலைச் செய்யாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் குழந்தையின் கேள்வி.

இங்கிலீஷுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பு வேற்றுமை உருபு இருந்தது. நம் தமிழைப் போலவே பெயர்ச்சொல் எழுவாயாக வந்தால் ஒரு வடிவம், செயப்படுபொருளாக வந்தால் வேறு, உடைமைப் பொருளில் வந்தால் வேறு. காலப்போக்கில் பெயர்ச்சொற்களில் அதெல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று. அதிகம் மிச்சம் இருப்பது இந்தப் பிரதிப்பெயர்களில்தான். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பூஜையறையை மட்டும் தொடாமல் விட்டுவைப்பார்களே, அதுபோல. ஆகவே அந்த நோட்டில் இருந்த அட்டவணை ஒரு பழைய மொழியின் மிச்சம். ஒழுங்காக இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

யூவை எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் ஒருவரை அழைக்க "தௌ", "தீ" இருந்தன. தௌ எழுவாய், தீ செயப்படுபொருள். பலரை அழைக்க "யீ", "யூ". யீ எழுவாய், யூ செயப்படுபொருள். 1066-ல் நார்மானியர்கள் பிரான்சிலிருந்து போய் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவை மொழி பிரெஞ்சு ஆயிற்று. பிரெஞ்சில் நெருக்கமானவரை "து" என்பார்கள், பெரியவரை "வூ" என்று பன்மையில் அழைப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கிலீஷிலும் ஒட்டிக்கொண்டது. பெரியவருக்கு யீ, யூ. சின்னவருக்கும் வேலைக்காரருக்கும் தௌ, தீ.

இது நமக்குப் புதிதல்ல. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அதுதானே. அவர் என்பதும் ஆதியில் பன்மைதான். ஒருவரைப் பன்மையில் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியரே குறிப்பிடுகிறார். அது உயர்வு கருதி வழக்கில் வருவது, இலக்கண நெறிப்படி வருவது அல்ல என்கிறார். அவர் காலத்துக்கே அது பழகிய பிழை!

இங்கிலீஷ்காரர்களுக்கு மரியாதை பரவிக்கொண்டே போயிற்று. யாரை தௌ என்று சொன்னாலும் கோபித்துக்கொள்வார்களோ என்று எல்லோரையும் யூ என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் இன்னொன்றும் நடந்தது. எழுவாயான யீ மறைந்து, செயப்படுபொருளான யூ அதன் நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டது. இன்று ஒரு பையன் "மீ கோ" என்று எழுதினால் வாத்தியார் குட்டுவார். யூவின் கதையில் அதே தப்பைத்தான் ஒரு நாடே சேர்ந்து செய்தது. எல்லோரும் செய்ததால் இலக்கணமாகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் வழிவந்த குவேக்கர்கள், கடவுள் முன் எல்லோரும் சமம் என்று நீதிபதியையும் பிரபுவையும் தௌ என்றே அழைத்தார்கள். அதற்காகவே ஏச்சும் அடியும் வாங்கினார்கள். பிரதிப்பெயருக்காக அடிபட்டவர்கள் உலகத்தில் நாம் மட்டும் இல்லை.

அடுத்து ஹிஸ். பழைய இங்கிலீஷில் ஹிஸ் என்பது "அவனுடைய" மட்டும் அல்ல, "அதனுடைய" என்பதும் ஹிஸ்தான். இட்ஸ் என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. 1611-ல் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பின் முதல் பதிப்பில் அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அப்புறம் தே, தெம், தேர் மூன்றும் சொந்தச் சொற்களே அல்ல. கடல் தாண்டி வந்து குடியேறிய வைக்கிங்குகள் கொண்டுவந்தவை. 1400-ல் இறந்த கவிஞர் சாஸர் தே என்று எழுதினாலும், "அவர்களை" என்பதற்கு "ஹெம்" என்றும், "அவர்களுடைய" என்பதற்கு ஹெர் போன்ற ஒரு சொல்லையுமே எழுதினார்.

ஹெர்ருக்கு இரண்டு பத்தியிலும் ஏன் ஒரே சொல் என்றால், ஆதியில் "ஹிரே" என்ற ஒரே வடிவம் "அவளுக்கு" என்பதற்கும் "அவளுடைய" என்பதற்கும் வந்தது. அது அப்படியே தேய்ந்து ஹெர் ஆயிற்று. கடைசிப் பத்தியில் தனியே நிற்கும்போது ஒரு ஸ் சேர்த்து ஹெர்ஸ் என்றார்கள். யுவர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். ஹிஸ்ஸில் ஏற்கெனவே ஒரு ஸ் இருந்ததால் இன்னொன்று வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் ரகசியம்.

பேத்திக்கு இதையெல்லாம் அவளுக்குப் புரிகிற அளவில் சொன்னேன். "அப்ப யூ தப்பா வந்து உட்கார்ந்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

இந்த அட்டவணை நம் பக்கத்துக்கு எப்போது வந்தது? மலைமேலிருந்து பார்த்தால் திண்டுக்கல் கோட்டை தெரியும். 1790-ல் கும்பெனிப் படை அதைத் திப்புவிடமிருந்து பிடித்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கும்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. கலெக்டர் வந்தால் கச்சேரி வரும். கச்சேரி வந்தால் குமாஸ்தா வருவான். அவனுக்கு ஐ, மீ, மை வேண்டும். அமெரிக்க மிஷனரிகள் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து, அடுத்த வருடமே திண்டுக்கல்லிலும் இடம் பிடித்துப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிற்பாடு நெஸ்ஃபீல்டு இலக்கணம், 1930-களில் ரென் அண்டு மார்ட்டின் என்று அட்டவணை தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது.

வெள்ளைக்காரர்களும் எதிர்த்திசையில் கஷ்டப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் லத்தீன் மொழியில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு எழுதிய லத்தீன் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 1812-ல் சென்னையில் கல்லூரி வைத்து, வந்திறங்கிய இளம் அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு "வி" ஒன்றுதான். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. "நமக்கு வரி தள்ளுபடி" என்பதற்கும் "எங்களுக்கு வரி தள்ளுபடி" என்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாத அதிகாரி, மனுக் கொடுக்க வந்தவர்களிடம் என்ன பாடுபட்டிருப்பார்!

இனி என் கதை.

நான் காரைக்காலில் பிறந்தவன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு நாலு வயது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. நடுவில் இருந்த அந்த எட்டு வருடமும் அதற்கப்புறமும் நான் படித்தது பிரெஞ்சு வழியில். அப்பாவுக்கு அதில் ஒரு பிடிவாதம். "பிரெஞ்சு படிச்சா உத்தியோகம் நிச்சயம்" என்பார். பதினோரு வயதில் இங்கிலீஷ் பாடம் ஆரம்பமாயிற்று. அதையும் பிரெஞ்சில்தான் விளக்குவார்கள். வாத்தியாரை முசியே என்று கூப்பிடுவோம். முசியே கரும்பலகையில் இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் இங்கிலீஷ் எழுதுவார். தமிழ்ப் பிள்ளைகள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்த அந்த அறையில், இரண்டுக்கும் நடுவே தமிழுக்கு இடமில்லை.

பிரெஞ்சில் ஒரு விசேஷம். உடைமையைச் சொல்லும்போது உடையவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. உடைமைப் பொருள் ஆண்பாலா பெண்பாலா என்றுதான் பார்க்கும். அப்பா ஆண்பால். ஆகவே "ஸோன் பேர்". அது அவனுடைய அப்பாவாகவும் இருக்கலாம், அவளுடைய அப்பாவாகவும் இருக்கலாம். மகள் பெண்பால். ஆகவே "ஸா ஃபீய்". அவன் மகளும் அதுதான், அவள் மகளும் அதுதான். இங்கிலீஷ் நேர் எதிர். மகளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மகள் யாருடையவள் என்பதுதான் முக்கியம். அவனுடையவள் என்றால் ஹிஸ், அவளுடையவள் என்றால் ஹெர்.

முசியே இதைச் சொல்லித்தான் கொடுத்தார். பரீட்சையில் நானும் சரியாகத்தான் எழுதினேன். ஆனால் கை ஒன்றைக் கற்றுக்கொள்வதும் மண்டை கற்றுக்கொள்வதும் வேறு வேறு. அவசரத்தில் எழுதும்போது என் கை "ஸா" என்ற இடத்தில் எல்லாம் ஹெர் என்று போடும்.

படித்து முடித்து அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்பா சொன்ன பிரெஞ்சு உத்தியோகம் அதற்குள் இங்கிலீஷ் உத்தியோகமாகிவிட்டது. ஃபைல் எல்லாம் இங்கிலீஷ். எழுபதுகளின் பிற்பகுதி. ஒரு குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். முதல் மனைவி முன்னமே காலமாகிவிட்டார். அவருக்கு ஒரு மகள், பள்ளியில் படிக்கிறாள், அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் வளர்கிறாள். இரண்டாவதாக மணந்துகொண்ட அம்மாள்தான் விண்ணப்பதாரர். குழந்தை இல்லாதவர்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு அப்போதிருந்த 1972-ஆம் வருட ஓய்வூதிய விதிகளில் தெளிவாக வழி இருந்தது. உயிரோடு இல்லாத மனைவியின் பிள்ளைக்கு, அந்தத் தாய் இருந்திருந்தால் என்ன பங்கு கிடைத்திருக்குமோ அந்தப் பங்கு உண்டு. அந்த அம்மாள் நேர்மையானவர். தமிழில் எழுதிய மனுவில், கணவர் இறந்த விவரத்தைச் சொல்லி, "அவருடைய மகள்" ஒருத்தி மாமியாரிடம் இருக்கிறாள், அவளுக்கும் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கேட்காமலேயே எழுதியிருந்தார்.

நான் குறிப்பு எழுதினேன். அவருடைய மகள் என்பது என் தலைக்குள் "ஸா ஃபீய்" ஆயிற்று. என் பேனாவில் "ஹெர் டாட்டர்" ஆயிற்று. இறந்தவர் ஒரு விதவையையும் ஹெர் டாட்டரையும் விட்டுச் சென்றிருக்கிறார் என்று அழகான கையெழுத்தில் எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

கணக்கு அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை வந்தது. இந்தப் பெண் விதவையின் மகள் என்றால், விதவைக்கு முன்பு வேறு கணவர் இருந்தாரா? இறந்த ஊழியருக்குப் பிறக்காத பிள்ளைக்கு எப்படிப் பங்கு? விளக்கம் தேவை, வாரிசுச் சான்றிதழ் தேவை. அந்தக் கடிதத்தின் நகல் பாட்டிக்கும் போயிற்று. பாட்டி யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். படித்தவர் என்ன சொன்னாரோ, மருமகள் இந்தக் குழந்தையைத் தன் வயிற்றுப் பிள்ளை என்று எழுதிக்கொடுத்து மொத்தப் பணத்தையும் வாங்கப் பார்க்கிறாள் என்று பாட்டிக்குப் புரிந்திருக்கிறது.

ஒரு நாள் இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். வராந்தாவில் பாட்டி சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. "என் மகன் போனதும் அவன் ரத்தத்தையும் இல்லேன்னு எழுதிட்டியேடி!" அந்த அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் அப்படி எழுதல அத்தை, சத்தியமா எழுதல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மனு என் மேசையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போய், "பாட்டி, இதோ பாருங்க, இவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க, தப்பு என்னோடது" என்று சொல்ல இருபது அடி தூரம் நடந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. மெமோ வரும் என்று பயம். குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

சூப்பிரண்டெண்டு மனுவையும் என் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சிவப்பு மையால் ஹெர்ரை அடித்து ஹிஸ் என்று எழுதினார். "தம்பி, இது யாருடைய மகள்னு ஒரு தடவை தமிழ்ல கேட்டுப் பார்த்திருந்தா போதுமே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மெமோவும் தரவில்லை. தாசில்தார் சான்றிதழ் வந்து, ஃபைல் போய்த் திரும்பி, பணம் கிடைக்க எட்டு மாதம் தாமதமாயிற்று. பணத்தைக் கணக்குப் பார்த்து நிலுவையோடு கொடுத்துவிட்டோம். அந்த எட்டு மாதத்தில் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். மாமியாரும் மருமகளும் அப்புறம் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. பாகப்படி பணம் வாங்க வந்தபோது தனித்தனியாகத்தான் வந்தார்கள்.

அதன் பிறகு சட்டப் புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். 1897-ஆம் வருடத்துப் பொதுப் பிரிவுகள் சட்டம், 13-ஆம் பிரிவு. இடம் வேறு மாதிரி இருந்தாலன்றி, ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்கிறது. அதாவது சட்டத்தில் ஹி என்றால் ஷியும் அதில் அடக்கம். ஆனால் ஹெர் என்று எழுதினால் அதில் ஹிஸ் அடங்காது. என்னைக் காப்பாற்ற அதில் ஒன்றும் இல்லை.

சூப்பிரண்டெண்டு சொன்னது மட்டும் இத்தனை வருடமாக மனதில் கிடக்கிறது. தமிழுக்கு அவன், அவள் என்ற வேறுபாடு உண்டு. அவனுடைய மகள், அவளுடைய மகள் என்று உடையவரை வைத்துத்தான் நாமும் சொல்கிறோம். இந்த விஷயத்தில் தமிழ் இங்கிலீஷுக்கு அடுத்த வீடு. பிரெஞ்சுதான் தூரம். நான் அடுத்த வீட்டுக்குப் போகக் கடல் தாண்டிச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஆனால் தமிழ் மேல் குற்றமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மரியாதைக்காக அவர் என்று சொல்லும்போது ஆணா பெண்ணா என்பது மறைந்துவிடுகிறது. அந்த மனுவில் இருந்ததும் அவர்தான். பிரெஞ்சு ஒன்றை மறைக்கிறது, தமிழ் ஒன்றை மறைக்கிறது. யூ என்று எல்லோரையும் அழைக்கும் இங்கிலீஷ் வேறொன்றை மறைக்கிறது. ஆனால் தமிழில் மறைந்ததைத் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம்மிடம் தன், தம் என்று ஒன்று இருக்கிறது. தன் மகள் என்றால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் குழப்பமே வராது. இங்கிலீஷில் அப்படி ஒரு சொல் கிடையாது. அதனால்தான் அந்த மொழியில் ஹிஸ், ஹெர் எழுதும் இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டியிருக்கிறது.

கரண்ட் வந்தது. பேத்தியிடம் அட்டவணையை மூடி வைக்கச் சொன்னேன். "இனிமே ஹிஸ்ஸா ஹெர்ரான்னு சந்தேகம் வந்தா, 'யாரோடது?'ன்னு தமிழ்ல கேளு. பதில் வந்த அப்புறம் எழுது" என்றேன்.

"மாமாவோட பொண்ணு?" என்று நானே கேட்டேன்.

"மாமா ஆம்பள. ஹிஸ் டாட்டர்."

"அத்தையோட பையன்?"

"ஹெர் சன். இது ஈஸி தாத்தா. நீங்க தப்பா எழுதியிருக்கீங்களா எப்பவாவது?"

எழுதியிருக்கிறேன் என்றேன். "எத்தனை மார்க் போச்சு?" என்றாள். மார்க் போகவில்லை என்று சொல்லிவிட்டு, முதல் முறையாக இந்தக் கதையை ஒருவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் நோட்டைத் திறந்து, ஷி வரிசையில் இரண்டு ஹெர்ருக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.